அட்டை ரெடி... கண்ணாடி எங்கே?

உங்கள் பர்ஸை ஒரு நிமிஷம் எடுத்துப் பாருங்கள். ஏ.டி.எம். கார்டு ரெண்டு, பான் கார்டு, ஆதார், ஆபீஸ் அடையாள அட்டை, என்றைக்கோ காலாவதியான ஒரு லைப்ரரி கார்டு... பணம் வைக்க இடமே இருக்காது. (வைப்பதற்குப் பணம் இருக்காது என்பது வேறு விஷயம்!) இத்தனை அட்டையில் ஏதாவது ஒன்றை நீட்டி, ‘கண்ணைச் சோதிச்சு ஒரு கண்ணாடி போட்டுக் கொடுங்க’ என்று கேட்டால் கொடுக்கிற கடை நம்ம திருநெல்வேலியில் இருக்கிறதா?

இந்தக் கேள்வியைக் கிளப்பியது என் சித்தப்பா. அம்பாசமுத்திரத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். வயது 54. முப்பது வருஷமாக ஊருக்கே ரவிக்கை தைத்துக் கொடுத்த மனுஷன், கொஞ்ச நாளாக ஊசியில் நூல் கோர்க்க பக்கத்துக் கடைப் பையனைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். கருநீலத் துணிக்கு கறுப்பு நூலில் ஹெம்மிங் அடித்துக் கொடுக்க, அந்த அம்மாள் கொண்டுவந்து மேஜையில் போட்டுவிட்டுப் போய்விட்டாளாம். நெல்லையப்பர் தேரோட்டத்தின்போது தெருவோரக் கடையில் நூறு ரூபாய்க்கு வாங்கிய ரெடிமேட் கண்ணாடிதான் இத்தனை நாளும் அவருக்கு வாகனம். போதாக்குறைக்கு, டீக்கடைப் பையன் பக்கத்தில் வைத்த கிளாஸைக் கையால் தட்டிவிட்டு, பையனையே திட்டவும் செய்கிறார்.

ஒருநாள் ராத்திரி போன் பண்ணினார்.

“ஏலே, எங்கிட்ட காப்பீட்டு அட்டை இருக்குல்லா? அஞ்சு லட்சம்னு சொல்லுதான். அஞ்சு லட்சத்துல ஒரு ஐநூறு ரூவாய்க்குக் கண்ணாடி தரமாட்டானா? நீ திருநேலில தான இருக்கே. எந்தக் கடையில எடுத்துக்கிடுதான்னு விசாரிச்சுச் சொல்லு.”

நியாயமான கேள்விதானே? மறுநாளே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பிவிட்டேன்.

வண்ணார்பேட்டையில் ஒரு கடை, ஜங்ஷனில் ரெண்டு, டவுன் ரத வீதியில் ரெண்டு. ஆக மொத்தம் ஐந்து கடை ஏறினேன். முதல் கடையில், “அண்ணாச்சி, கார்டு எடுப்பியளா?” என்று கேட்டதும் முகமெல்லாம் சிரிப்பாக மிஷினை எடுத்து நீட்டிவிட்டார். “டெபிட்டா, கிரெடிட்டா அண்ணாச்சி?” நான் விஷயத்தைச் சொன்னதும் மிஷின் உள்ளே போனது, சிரிப்பும் கூடவே போனது. ரெண்டாவது கடைக்காரர் நிதானமானவர். “காப்பீட்டு அட்டைக்கா? நானும் இருவது வருசமா கடை வச்சிருக்கேன், அப்படி ஒண்ணு வந்தா மொதல்ல நாந்தான் போர்டு வப்பேன்” என்றார். மூன்றாவது கடையில் டெஸ்ட்டே இலவசம் என்றார்கள். ஆனால் கண்ணாடியை அங்கேதான் வாங்க வேண்டுமாம்! மிச்ச ரெண்டையும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ரத வீதியில் நின்றபோது எதிரே இருட்டுக்கடையில் வழக்கம்போல மங்கல் வெளிச்சத்தில் கூட்டம் கூட ஆரம்பித்திருந்தது. நம்ம ஊர்க்காரன் அல்வாவைக் கண்ணால் பார்த்து வாங்குவதில்லை, மூக்கால் வாங்குகிறான். கண்ணாடிக்கு அவ்வளவாக மவுசு இல்லாததற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ!

கடைக்காரர்களைக் கேட்டால் ஆகாது என்று, அடுத்த நாள் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு, பாலத்தைத் தாண்டி கொக்கிரகுளம் போனேன். இந்தப் பாலத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1843-ல் சுலோச்சன முதலியார் தன் கைப்பணத்தைப் போட்டுக் கட்டியது. அந்தக் காலத்தில் தனிமனுஷன் ஒருத்தர் தாமிரபரணிக்கே பாலம் போட்டிருக்கிறார். இந்தக் காலத்தில் ஒரு கண்ணாடிக்கு நாம் ஐந்து கடை ஏறி இறங்குகிறோம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கலெக்டர் ஆபீஸில்தான் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பதிகிற கவுன்ட்டர் இருக்கிறது. அங்கே இருந்த பெண் பொறுமைசாலி. என் கேள்வியைக் கேட்டுச் சிரிக்கவில்லை. “சார், அட்மிட் ஆனாத்தான் இந்த அட்டை. பெட்ல படுத்து செய்யுற சிகிச்சை, ஆபரேஷன், லிஸ்ட்ல உள்ள சில பெரிய பரிசோதனை, இதுக்குத்தான். நடந்து வந்து பார்த்துட்டு நடந்து போற வைத்தியத்துக்கு இல்ல. கண்ணாடி லிஸ்ட்லயே கிடையாது” என்று ஒரே மூச்சில் புரியவைத்துவிட்டார்.

இந்த அட்டையின் பூர்வோத்திரம் இதுதான். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று ஆரம்பித்தது. ஆட்சி மாறியதும் 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று புது உருவில் வந்தது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு கைகோர்த்தது. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. வருஷ வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்றிருந்த வரம்பை 2022-ல் 1,20,000 ஆக உயர்த்தினார்கள். விழித்திரை அறுவை, கருவிழி மாற்று மாதிரி பெரிய கண் வைத்தியங்களுக்கு இந்த அட்டை நிஜமாகவே கைகொடுக்கிறது. அதில் சந்தேகம் வேண்டாம். ஆயிரக்கணக்கில் ஆகிற ஆபரேஷனைச் சல்லிக்காசு இல்லாமல் முடித்து வந்தவர்களை எனக்கே தெரியும்.

அதாவது, கண்ணை அறுக்க அட்டை உண்டு. கண்ணைப் பார்க்க அட்டை கிடையாது!

இந்த இடத்தில் ஆபீஸ் போகிற வாசகர்கள், ‘நமக்கு என்ன இருக்கு?’ என்று யோசிப்பீர்கள். நானும் யோசித்தேன். என் சம்பளம் 23,500. மாசச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு (2017 ஜனவரியிலிருந்து அந்த வரம்பு). தொழிலாளி பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி பங்கு மூணேகால் ரூபாய். 1952-ல் கான்பூரிலும் டெல்லியிலும் ஆரம்பித்த பழைய திட்டம். மற்ற காப்பீட்டுக்கெல்லாம் இல்லாத ஒரு நல்ல குணம் இதற்கு உண்டு. படுக்கை போட வேண்டும் என்று அடம்பிடிக்காது. சாதாரணத் தலைவலி, கண் எரிச்சலுக்குக்கூடக் குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாம். வண்ணார்பேட்டையில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியே இருக்கிறது. ஆனால் எனக்கு முதலாளி ரெண்டு வருஷம் முன்னால் இன்க்ரிமென்ட் போட்டு, 21,000-த்தைத் தாண்டவைத்து, அதிலிருந்து கழற்றிவிட்டார். முதலமைச்சர் அட்டைக்கு வருமானம் அதிகம், இ.எஸ்.ஐ.க்கும் சம்பளம் அதிகம். ஆனால் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தால் மட்டும் சம்பளம் கம்மி. திரிசங்கு சொர்க்கம் என்பது இதுதான் போலிருக்கிறது.

என் பக்கத்து வீட்டு நண்பர் அரசு ஊழியர். “உமக்கென்ன வே, கவர்ன்மென்ட்டு உத்தியோகம்” என்று பொறாமையோடு கேட்டேன். 2021-ல் வந்த புதிய மருத்துவக் காப்பீட்டில் மாசம் 300 ரூபாய் பிடித்தார்களாம். கண்புரை ஆபரேஷனுக்கு உண்டு, கண்ணாடிக்கு? “அதெல்லாம் நம்ம கைக்காசுதான்” என்று தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அதன் ஒரு கால் நூலால் கட்டப்பட்டிருந்தது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, கண்ணொளி காப்போம் திட்டத்தில் 2009-லிருந்து அரசாங்கமே சோதித்து இலவசமாகக் கண்ணாடி கொடுக்கிறது. புரை விழுந்த பெரியவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியில் லென்ஸ் வைத்து இலவசமாக ஆபரேஷன் செய்கிறது. ப்ளஸ் டூ முடித்த அன்றைக்கு நம் கண்ணை மறக்கிற அரசாங்கம், புரை விழுந்த அன்றைக்குத்தான் மறுபடி நினைத்துக்கொள்கிறது. நடுவில் இருக்கிற நாற்பது வருஷம்... அதுதானே சார் நாம் சம்பாதிக்கிற வருஷம்?

‘இது நம்ம ஊர்க் கொடுமை, வெளிநாட்டில் எல்லாம் எப்படித் தெரியுமா’ என்று ஆரம்பிக்க வேண்டாம். அங்கேயும் கண்ணாடி என்றால் கஜானாவுக்கு ஜன்னிதான். இங்கிலாந்தில் 1948 ஜூலை 5-ம் தேதி தேசிய சுகாதாரத் திட்டம் தொடங்கியபோது எல்லாருக்கும் கண்ணாடி ஓசி. அதுவரை சந்தைக் கடையில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் சாரிசாரியாகக் கிளம்பிவிட்டார்கள். கணக்குப் போட்டவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். 1951 பட்ஜெட்டில், பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் பாதி விலை கொடுக்க வேண்டும் என்று வந்தது. அந்தத் திட்டத்தையே உருவாக்கிய அனூரின் பெவன், ‘போங்கடா நீங்களும் உங்க மந்திரி பதவியும்’ என்கிற மாதிரி ராஜினாமா செய்துவிட்டார். கூடவே விலகியவர்களில் ஒருவர் ஹெரால்டு வில்சன், பிற்பாடு பிரதமரே ஆனவர். மூக்குக் கண்ணாடிக்காக மந்திரிகள் பதவியை விட்ட கதை உலகத்தில் வேறெங்காவது உண்டா, தெரிந்தவர்கள் எழுதலாம்.

ஜெர்மனியில் 2004-ல் பெரும்பாலான பெரியவர்களுக்குக் கண்ணாடிச் சலுகையை வெட்டினார்கள். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ‘மெடிகேர்’ காப்பீடு, புரை ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு ஜோடிக்குப் பணம் தரும். சாதாரண வெள்ளெழுத்துக்குத் தராது. ஸ்காட்லாந்துக்காரர்கள்தான் என் கணக்கில் கெட்டிக்காரர்கள். 2006-லிருந்து அங்கே கண் பரிசோதனை எல்லாருக்கும் இலவசம். கண்ணாடியை நீ வாங்கிக்கொள், கண்ணை மட்டும் ஒழுங்காக வந்து காட்டிவிட்டுப் போ என்கிறார்கள். அதில் எவ்வளவு பெரிய சூட்சுமம் இருக்கிறது என்பது எனக்கு அடுத்த வாரம் புரிந்தது.

சித்தப்பாவை வரச் சொல்லிவிட்டேன். செங்கோட்டை பாசஞ்சரில் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி எல்லாம் தாண்டி, ஜன்னலோர சீட்டில் தூங்கிக்கொண்டே வந்து இறங்கினார். கையில் காப்பீட்டு அட்டை, லேமினேட் பண்ணி, மஞ்சள் பையில் பத்திரமாக!

“அதை உள்ள வையுங்க சித்தப்பா. இன்னிக்கு அதுக்கு வேலை இல்ல.”

“பின்ன எதுக்குலே கூப்பிட்டே?”

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்குத்தான் கூப்பிட்டேன். 1965-ல் தொடங்கிய மெடிக்கல் காலேஜின் ஆஸ்பத்திரி அது. நெல்லைச் சீமைக்காரனுக்கு ஹைகிரவுண்டு என்றால் போதும். அங்கே கண் பிரிவில் புற நோயாளியாகப் பார்ப்பதற்குக் காசும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். நான் ஐந்து கடை ஏறித் தேடிய ‘இலவச டெஸ்ட்’ இங்கே சீட்டு போட்டால் கிடைக்கிறது. வேண்டியது காலையில் சீக்கிரம் எழுந்திருக்கும் பழக்கமும், க்யூவில் நிற்கும் பொறுமையும் மட்டுமே. முன்னது எனக்கு இல்லை, பின்னது சித்தப்பாவுக்கு இல்லை. எப்படியோ சமாளித்தோம்.

இங்கே ஒரு விஷயம். கண்ணாடிக் கடைக்காரர், கண் பரிசோதகர், கண் டாக்டர், இந்த மூன்று பேரையும் நம்மில் பலர் ஒரே ஆளாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். கடைக்காரர் எழுதி வந்த நம்பருக்குக் கண்ணாடி செய்து கொடுப்பவர். பரிசோதகர், அதாவது ஆப்டோமெட்ரிஸ்ட், அதற்கென்று படித்துவிட்டு வந்து பார்வையை அளந்து நம்பர் சொல்பவர். கண்ணில் கோளாறு தெரிந்தால் டாக்டரிடம் அனுப்புவார். டாக்டர், வியாதியைக் கண்டுபிடித்து மருந்தோ கத்தியோ எடுப்பவர். சில கடைகளில் படித்த பரிசோதகர் இருக்கிறார். சில கடைகளில் ஒரு மிஷின் மட்டும் இருக்கிறது. நாடியை வைத்து உள்ளே பார்த்தால் தூரத்தில் ஒரு வீடோ பலூனோ தெரியும். ‘டிர்ர்’ என்று ஒரு சீட்டு வரும். அந்தச் சீட்டு நம்பரை மட்டும்தான் சொல்லும். கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாது.

சித்தப்பாவுக்கு முதலில் எழுத்துப் பலகை. கடைசிக்கு ரெண்டு வரி முன்னால் வரை வாசித்துவிட்டு, “மிச்சத்தை அச்சு சரியா போடல” என்றார். கிட்டப் பார்வைக்கு நம்பர் குறித்தார்கள். ‘நாற்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான், வெள்ளெழுத்து’ என்றார் சோதித்த தம்பி. (நம் தாத்தாக்கள் இதையே சாளேஸ்வரம் என்பார்கள். இந்தியில் ‘சாலீஸ்’ என்றால் நாற்பது. வயதையே பெயராக வைத்துவிட்டார்கள்!) அத்தோடு முடிந்தது என்று சித்தப்பா எழுந்துவிட்டார். “ஐயா உக்காருங்க, பிரஷர் பார்க்கணும்” என்றார்கள். “எனக்கு பிரஷர்லாம் இல்ல தம்பி, போன மாசந்தான் பார்த்தேன்” என்று சட்டைக் கையை மடக்கினார். அது ரத்தக் கொதிப்பு இல்லை, கண்ணின் அழுத்தம்.

சாதாரணமாக அந்த அளவு 10-லிருந்து 21 வரை இருக்கும். சித்தப்பாவுக்கு வலது கண்ணில் 29, இடது கண்ணில் 27. அதற்கப்புறம் சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் கண்ணை மூடி உட்காரவைத்து, உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார் டாக்டர். பக்கப் பார்வைக்கு வேறு ஒரு டெஸ்ட் எடுத்தார்கள்.

“ஐயா, நடக்கும்போது எதுலயும் இடிச்சுக்குறீங்களா?”

“இல்லியே டாக்டர்.”

எனக்கு டீ கிளாஸ் ஞாபகம் வந்தது. சொன்னேன். சித்தப்பா என்னை முறைத்தார். டாக்டர் எழுதிக்கொண்டார்.

கிளாக்கோமா. தமிழில் கண் நீர் அழுத்த நோய் என்கிறார்கள். கண்ணுக்குள் ஊறுகிற நீர் சரியாக வடியாமல் அழுத்தம் கூடி, பார்வையை மூளைக்குக் கொண்டுபோகிற நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும். பெரும்பாலும் வலிக்காது, சிவக்காது. நேர்ப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும். ஓரப் பார்வைதான் முதலில் போகும். அதனால் ஆளுக்குத் தெரியவே தெரியாது. புரை என்றால் ஆபரேஷன் செய்து பார்வையைத் திரும்பக் கொண்டுவரலாம். இதில் போனது போனதுதான். மிச்சமிருப்பதைக் காப்பாற்றுவதற்குத்தான் மருந்து.

நான் ஏறிய கடை ஏதாவது ஒன்றில், அட்டையை வாங்கிக்கொண்டு ஒரு கண்ணாடியை மாட்டி அனுப்பியிருந்தால்? சித்தப்பாவுக்கு ஊசியில் நூல் கோர்க்க வந்திருக்கும். ‘ஆஹா, கண்ணு பளிச்சுனு தெரியுதே’ என்று இன்னும் ரெண்டு மூன்று வருஷம் ஓட்டியிருப்பார். அதற்குள் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்திருக்கும். முற்றிப்போய் ஆபரேஷன் என்று படுக்கிற அன்றைக்கு அந்த 5 லட்சத்து அட்டை ஓடி வந்திருக்கும். இப்போது அவருக்கு வேண்டியது ராத்திரி படுக்கும்போது கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து. வாழ்நாள் பூராவும். அதற்கு அந்த அட்டை செல்லாது! நல்லவேளை, அரசு ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து சும்மா கொடுக்கிறார்கள்.

டாக்டர் சீட்டை எழுதிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

“நீங்க யாரு இவருக்கு?”

“அண்ணன் மகன் டாக்டர்.”

“உங்க அப்பா இருக்காங்களா? கண் எப்பக் காட்டினாங்க?”

எனக்குத் தெரிந்து காட்டியதே இல்லை. இது ரத்த சம்பந்தத்தில் வருகிற வியாதியாம். கூடப் பிறந்தவர்களுக்கு வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட ரொம்ப அதிகம். “அப்பாவைக் கட்டாயம் கூட்டிட்டு வாங்க. இவர் பிள்ளைகளையும் பார்க்கணும். நீங்களும் வந்ததுக்கு உக்காருங்க” என்றார்.

உட்கார்ந்தேன். அந்த இருபது நிமிஷம் நான் கும்பிடாத சாமி இல்லை. நெல்லையப்பர், காந்திமதி, பாபநாசநாதர் என்று தாமிரபரணிக் கரை பூராவும் ஒரு சுற்று வந்துவிட்டேன். எனக்கு 16. அழுத்தம் ஒன்றும் இல்லை. தூரப் பார்வைக்கு ஒரு சின்ன நம்பர். “நாள் பூரா கம்ப்யூட்டரா?” என்று கேட்டு, ஸ்கிரீனைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவதே குறைந்துவிடுகிறது, அதனால்தான் எரிச்சல் என்றார். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை, இருபது அடி தூரத்தில் உள்ளதை, இருபது செகண்ட் பார்க்கணுமாம். எங்கள் ஆபீஸில் என் சீட்டிலிருந்து இருபது அடி தூரத்தில் இருப்பது மேனேஜர். அதைத்தான் எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை.

ஹைகிரவுண்டு க்யூ ஒத்துவராதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. ஜங்ஷனிலிருந்து டவுன் போகிற சாமி நெல்லையப்பர் ஹைரோட்டில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1988-லிருந்து இருக்கிறது. அதை மதுரையில் 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி நம்ம சீமைக்காரர்தான். எட்டயபுரம் பக்கம் அயன்வடமலாபுரம். முடக்குவாதத்தில் விரலெல்லாம் கோணிப்போன பிறகும் அந்த விரலாலேயே கத்தி பிடித்து ஆயிரக்கணக்கில் கண் ஆபரேஷன் செய்தவர். காசு கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கிறார்கள், முடியாதவர்களுக்கு இலவசப் பிரிவு. சின்ன ஊர்களில் பார்வை மையம் என்று வைத்திருக்கிறார்கள். அங்கே இருக்கும் பரிசோதகர் கண்ணைப் பார்த்து, கம்ப்யூட்டர் வழியாக பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டி, யோசனை வாங்கிச் சொல்கிறார். சித்தப்பா மாதிரி கடையை அடைத்துவிட்டுத் திருநெல்வேலி வர யோசிப்பவர்களுக்கு இது தோது.

சரி, கண்ணாடி? அது இன்னும் பாக்கி இருக்கிறதே!

ஆஸ்பத்திரிச் சீட்டோடு, அந்த நிதானமான ரெண்டாவது கடைக்காரரிடமே போனோம். பிரேமும் லென்ஸும் சேர்த்து 850 ரூபாய். 2025 செப்டம்பர் 22-லிருந்து பவர் கண்ணாடிக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. மிச்சமானதில் ரெண்டு பேரும் காபி, வடை சாப்பிட்டோம். பில் போடும்போதுதான் கடைக்காரர் சித்தப்பாவின் தொழிலை விசாரித்தார். தையல் என்றதும், “வாரிய அட்டை இருக்கா அண்ணாச்சி? அதுல கண்ணாடிக்குப் பணம் உண்டே” என்றார்.

வாரியமா?

மஞ்சள் பையைத் துழாவினால், காப்பீட்டு அட்டைக்கு அடியில் கிடக்கிறது, தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரிய அட்டை! சங்கத்துக்காரர் யாரோ எப்போதோ பதிந்து கொடுத்தது. 1982-ல் வந்த உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் கட்டுமானம், தையல், ஆட்டோ, சலவை, பனைத் தொழில், கைத்தறி, வீட்டு வேலை என்று வரிசையாக வாரியங்கள் வைத்திருக்கிறார்கள். 18-லிருந்து 60 வயது வரை பதியலாம். பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், பிரசவம், ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. அந்தப் பட்டியலிலேயே, யாரும் கவனிக்காத ஒரு வரியாக, மூக்குக் கண்ணாடிச் செலவும் இருக்கிறது. பல வருஷமாக அதற்கு உச்சவரம்பு 500 ரூபாயாக இருந்தது. ஐந்து லட்சம் அட்டையில் கிடைக்காத ஐநூறு ரூபாய், ஓரத்தில் கிடந்த அட்டையில் இருந்திருக்கிறது! டாக்டர் சீட்டும் கடை பில்லும் சேர்த்து தொழிலாளர் துறைக்கு ஆன்லைனில் போட வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். சித்தப்பா அதைப் பண்ணவில்லை. இப்போது இ-சேவை மையத்தில் உட்கார்ந்து முதலில் அதைப் பண்ணிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவர், வீட்டு வேலைக்கு வருகிற அக்கா, ஆபீஸ் வாசலில் இஸ்திரி போடுகிறவர், இவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அட்டை இருக்கும்; அதில் கண்ணாடி இருப்பது தெரிந்திருக்காது. கண்ணாடியால் என்ன வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அஸ்ஸாமில் 40 வயது தாண்டிய 751 தேயிலைத் தொழிலாளர்களை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். 2018-ல் அதன் முடிவு வந்தது. பாதிப் பேருக்குச் சாதாரண வெள்ளெழுத்துக் கண்ணாடி, பாதிப் பேருக்கு அப்போதைக்கு இல்லை. கண்ணாடி போட்டவர்களின் பறிப்பு, போடாதவர்களைவிட கிட்டத்தட்ட 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்திருக்கிறது. இலை பறிப்பதற்கே இப்படி என்றால், காஜா எடுப்பதற்கு? சித்தப்பா இப்போது சாயங்காலமும் கடை திறக்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்குச் சித்தி போன் பண்ணி, “சொட்டு மருந்து போட்டாச்சு” என்று எனக்கு ரிப்போர்ட் கொடுக்கிறாள்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“எனக்கு என்னலே கொள்ளை? இன்னிக்கும் தினத்தந்தி கண்ணாடி இல்லாமத்தான் எழுத்துக் கூட்டாம வாசிக்கேன்” என்றார்.

அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். “பேப்பர் வாசிக்கிய, சரி. நேத்து வாசப்படியில ஓரமா உக்காந்திருந்த என் மேல தட்டி விழப் பாத்தியளே, அது என்ன?”

அப்பா பதில் சொல்லவில்லை. பேப்பரை மடித்து வைத்தார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஹைகிரவுண்டு. ஆபீஸில் லீவ் சொல்லியாச்சு.